ஆலிஸ் த்ரூ த லுக்கிங் கிளாஸ்: சாவி கொடுக்காத கதை

இந்தப் படத்தில் ஒரு கூடம் வருகிறது. கூரை எங்கே என்று தெரியாத உயரம். அந்த உயரத்திலிருந்து எண்ணிலடங்காத பாக்கெட் கடிகாரங்கள் சங்கிலிகளில் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஆலிஸ் போய் வரும் மாய உலகமான அண்டர்லேண்டில் உயிரோடு இருக்கும் ஒருவருடையது. அவற்றில் ஒன்று நின்றுவிட்டால், 'டைம்' என்ற பெயர் கொண்ட அந்தக் கோட்டையின் தலைவன் அதைக் கையில் ஏந்தி, மூடியைச் சாத்தி, இறந்தவர்களின் கடிகாரங்கள் இருக்கும் இன்னொரு கூடத்துக்கு எடுத்துச் செல்கிறான். ஒரு கடிகாரத்தின் மூடி சாத்தப்படும் ஓசையில் ஒரு வாழ்க்கை முடிவதைக் காட்டிவிட்டார்கள். இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்தவர்கள் பணியாற்றிய படத்துக்கு, இத்தனை மெலிந்த கதை எப்படி வாய்த்தது என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம்.

2010-இல் டிம் பர்டன் இயக்கிய 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' உலகம் முழுவதும் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கலை இயக்கத்துக்கும் உடை வடிவமைப்புக்கும் இரண்டு ஆஸ்கர் விருதுகளும் பெற்றது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2016 மே மாதம் வந்த இரண்டாம் பாகத்தில் பர்டன் தயாரிப்பாளர்களில் ஒருவராக ஒதுங்கிக்கொண்டார். இயக்கியவர் ஜேம்ஸ் பாபின். திரைக்கதை முதல் பாகத்தை எழுதிய அதே லிண்டா வூல்வர்டன். சுமார் 17 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், உலக வசூலில் 30 கோடியைக்கூட எட்டவில்லை. முதல் பாகத்தைப் பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் இரண்டாவதற்கு வரவில்லை என்பதே இதன் பொருள். வந்தவர்களிலும் பலர் ஒரே மாதிரிதான் பேசிக்கொண்டு வெளியேறினார்கள்: பார்க்க நன்றாக இருக்கிறது, கதைதான் இல்லை.

வெளிவந்த நாட்களில் திரையரங்கில் 3டி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நிறங்கள் எல்லாம் ஒரு படி மங்கித் தெரிந்தன. அண்மையில் அக்கா வீட்டில், குடும்பத்தோடு உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல் தொலைக்காட்சித் திரையில் பார்த்தபோதுதான் படத்தின் உண்மையான நிறங்களே தெரிந்தன. 3டியில் வெளிவந்த படத்தை வீட்டில் பார்ப்பது இழப்பு என்று பலர் சொல்வார்கள். இந்தப் படத்தைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கமாட்டேன். இதன் அழகு ஆழத்தில் இல்லை, நுணுக்கத்தில் இருக்கிறது. நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பார்க்க வேண்டிய நுணுக்கம் அது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலிஸ் இப்போது 'வொண்டர்' என்ற கப்பலின் தலைவி. 1874-இல் மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையர்களிடமிருந்து கப்பலைத் தப்பவைத்து லண்டன் திரும்புகிறாள். அங்கே, முதல் பாகத்தில் அவள் மணக்க மறுத்த ஹாமிஷ், அவளுடைய கப்பலைப் பறித்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறான். கப்பலைக் கொடுத்தால்தான் அம்மாவின் வீடு மிஞ்சும். இந்த இக்கட்டின் நடுவே, பழைய நண்பனான நீல வண்ணத்துப்பூச்சியைப் பின்தொடர்ந்து, ஒரு கண்ணாடிக்குள் புகுந்து அண்டர்லேண்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே அவளுடைய நண்பனான, தொப்பி செய்யும் மேட் ஹேட்டர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். என்றோ இறந்துபோனதாக எல்லோரும் நினைக்கும் தன் குடும்பம் உயிரோடு இருக்கிறது என்று நம்புகிறான். யாரும் நம்பவில்லை என்ற துயரத்தில் உருகுகிறான். அவனைக் காப்பாற்ற, டைமின் கோட்டையிலிருந்து 'க்ரோனோஸ்பியர்' என்ற பொற்கோளத்தைத் திருடிக்கொண்டு ஆலிஸ் கடந்த காலத்துக்குப் பயணமாகிறாள். அந்தக் கோளம்தான் உலகின் பெருங்கடிகாரத்தை இயக்குகிறது. அது இல்லாவிட்டால் காலமே நின்றுவிடும்.

இவ்வளவுதான். எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. திரையில் ஏன் நிற்கவில்லை?

என் அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். கடையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் சாமணமும் கண்ணில் பொருத்தும் லென்சும் இன்றும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவர் ஆங்கிலப் படங்கள் பார்ப்பவர் அல்ல. கடிகாரங்கள் வருகின்றன என்று பேத்தி கூப்பிட்டதால் வந்து உட்கார்ந்தார். டைமின் தலையின் பின்புறம் திறந்து கிடக்கிறது. உள்ளே நீல ஒளியில் பல்சக்கரங்கள் சுழல்கின்றன. அதைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லி, திரைக்கு அருகில் போய் நின்று பார்த்தார். பிறகு, ஆலிஸ் கோளத்தை எடுத்துக்கொண்டு ஓடிய பின்னும் பெருங்கடிகாரம் திணறித் திணறி ஓடிக்கொண்டே இருந்தபோது, "மெயின்ஸ்பிரிங்கைக் கழற்றிய கடிகாரம் எப்படி அம்மா ஓடும்? அந்த நொடியே நின்றுவிட வேண்டும்" என்றார். கடிகாரத்தை ஓடவைக்கும் சுருள்வில்தான் மெயின்ஸ்பிரிங்.

இதைச் சின்னக் குறை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. மாயாஜாலப் படத்தில் எதுவும் நடக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி அல்ல. மாயாஜாலப் படத்தில்தான் விதிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். நம் உலகத்தின் விதிகள் அங்கே இல்லை என்பதால், படம் தானே வகுத்துக்கொண்ட விதிகள்தான் நமக்கு ஒரே பிடிமானம். க்ரோனோஸ்பியர் இல்லாமல் பெருங்கடிகாரம் எவ்வளவு நேரம் தாங்கும்? படம் சொல்லவே இல்லை. ஆலிஸ் எத்தனை இடங்களுக்கு வேண்டுமானாலும் போய் வரலாம். திரைக்கதை முடிய வேண்டிய நேரம் வரும்வரை அது தாங்கும். கெடு என்று ஒன்று இருந்தால்தானே நமக்குப் பதைக்கும்? முதல் மணி நேரம் முழுவதும் உலகம் அழியப்போகிறது என்கிறார்கள். எனக்கு ஒரு கணமும் அச்சம் வரவில்லை. காட்சிகள் ஒவ்வொன்றும் செதுக்கிய சக்கரமாகப் பளபளக்கின்றன. அவற்றைச் சுழற்றும் சுருள்வில்லை மட்டும் யாரும் பொருத்தவில்லை.

இன்னொரு விதி இதைவிடப் பெரிய சேதம் செய்கிறது. கடந்த காலத்தை மாற்ற முடியாது, அதிலிருந்து கற்றுக்கொள்ள மட்டுமே முடியும் என்று டைம் ஆலிஸிடம் சொல்லிவிடுகிறான். நல்ல விதிதான். ஆனால் அதற்குப் பிறகு ஆலிஸ் போகும் ஒவ்வொரு கடந்த நாளிலும் அவள் வெறும் பார்வையாளராகிவிடுகிறாள். முடிசூட்டு விழாவில், மகுடம் இராசபெத்தின், அதாவது பின்னாளைய சிவப்பு ராணியின், பெரிய தலையில் பொருந்தாமல் போகிறது. இளம் ஹேட்டர் சிரித்துவிடுகிறான், அவள் சீறுகிறாள், பட்டம் தங்கைக்குப் போய்விடுகிறது. ஆலிஸ் பார்க்கிறாள். இன்னும் பின்னால், இராசபெத் சிறுமியாக இருந்த நாளுக்குப் போகிறாள். பின்னாளில் வெள்ளை ராணியாகும் தங்கை மிரானா பலகாரம் தின்றுவிட்டு, தூள்களை அக்காவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பொய் சொல்கிறாள். அக்கா அழுதுகொண்டே வெளியே ஓடுகிறாள், தலையில் அடிபடுகிறது, தலை வீங்கிவிடுகிறது. ஆலிஸ் தடுக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. முடியாது என்று நமக்கு முன்பே தெரியும். தெரிந்த விடைக்காக அரை மணி நேரம் காத்திருக்கிறோம்.

கடைசியில் இத்தனை பயணத்தாலும் ஆலிஸ் தெரிந்துகொள்வது, ஹேட்டரின் குடும்பம் சாகவில்லை, சிவப்பு ராணியின் பிடியில் இருக்கக்கூடும் என்பதுதான். அந்த ராணிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் பகை இருந்தது என்று ஊரில் ஒரு பெரியவரைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். ஒரு நண்பனுக்காக உலகத்தையே பணயம் வைத்த பெண்ணுக்கு, அந்தப் பணயத்துக்கு ஈடான ஓர் உண்மையாவது கிடைத்திருக்க வேண்டாமா?

கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் என் தோழி இந்தப் படத்தின் மீது வைக்கும் குற்றச்சாட்டு வேறு. லூயிஸ் கரோலின் மூல நூல் 1871 டிசம்பரில் வந்தது. அது ஒரு சதுரங்க ஆட்டமாகக் கட்டப்பட்ட கதை. ஆலிஸ் வெள்ளைச் சிப்பாயாகத் தொடங்கி, கட்டம் கட்டமாக நகர்ந்து, எட்டாவது வரிசையில் ராணியாகிறாள். அந்த ஆட்டத்தைப் படம் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசையில் சதுரங்கக் காய்கள் உயிர்பெற்று நடமாடுவதோடு சரி. ஹம்ப்டி டம்ப்டியும் அங்கே எட்டிப்பார்த்துவிட்டு விழுந்து உடைகிறான். அவனுக்கென்று நூலில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது.

நூலிலிருந்து விலகியதற்காக மட்டும் நான் ஒரு படத்தைக் குறை சொல்லமாட்டேன். தோழியிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அவள் ஐந்தாவது அத்தியாயத்தை எடுத்துக் காட்டியபோது என்னிடம் பதில் இல்லை. அங்கே வரும் வெள்ளை ராணி காலத்தில் பின்னோக்கி வாழ்பவள். முதலில் விரலில் கட்டுப் போட்டுக்கொள்கிறாள். பிறகு வலியால் அலறுகிறாள். அதன் பின்னர்தான் சால்வை ஊசி விரலில் குத்துகிறது. குத்திய பிறகு அவள் அழுவதில்லை, அழ வேண்டியதை எல்லாம் முன்பே அழுது முடித்துவிட்டாள். அவளுடைய நாட்டில் அரசரின் தூதர் ஒருவர் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். வழக்கு விசாரணை அடுத்த புதன்கிழமை. குற்றம் கடைசியாகத்தான் நடக்கும்.

இதே நூலின் முதல் அத்தியாயத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணப்பு மாடக் கடிகாரத்துக்கு ஒரு கிழவரின் முகம் இருக்கும். அது ஆலிஸைப் பார்த்துச் சிரிக்கும். நூலுக்குப் படங்கள் வரைந்த ஜான் டென்னியல் அந்த முகத்தை வரைந்தும் இருக்கிறார். காலத்தைப் பற்றிப் படம் எடுக்கப் புறப்பட்டவர்களுக்கு, மூல நூலே காலத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு, இந்தா என்று கையில் கொடுத்திருக்கிறது. வெள்ளை ராணியும் படத்தில் இருக்கிறாள். ஆன் ஹாத்தவே போன்ற நடிகை நடிக்கிறார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கைகளை அந்தரத்தில் மிதக்கவிட்டு நடப்பதும், பலகாரத் தூள் பற்றிய உண்மையைச் சொல்லாமல் மறைப்பதும்தான். இந்த வாய்ப்பை நழுவவிட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் இந்தத் திரைக்கதையைக் கெடுத்திருக்கிறது. ராணியின் தலை ஏன் பெரியது? விபத்து. அவள் ஏன் கொடியவள்? தங்கை பொய் சொன்னதால். ஹேட்டர் ஏன் இப்படி? அவன் செய்த முதல் தொப்பியை, ஒரு நீலக் காகிதத் தொப்பியை, அப்பா மதிக்கவில்லை என்ற காயம். கரோலின் உலகத்தில் இதற்கெல்லாம் காரணம் கிடையாது. அதனால்தான் நூற்றைம்பது ஆண்டுகளாகக் குழந்தைகள் அந்த உலகத்தில் மூச்சுவிட முடிகிறது. பெரியவர்களின் உலகத்தில் எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நுழையாத ஓர் இடத்துக்குள்ளும் அதைக் கொண்டுபோய் நட்டுவிட்டார்கள்.

இதற்கு விலக்காக ஒன்று உண்டு. நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். ஹேட்டரின் தேநீர் விருந்து ஏன் முடிவதே இல்லை என்பதற்குப் படம் தரும் விளக்கம். ஆலிஸைத் துரத்திக்கொண்டு வரும் டைம், ஹேட்டரும் அவன் கூட்டாளிகளும் அமர்ந்திருக்கும் மேசைக்கு வந்து சேர்கிறான். அவர்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்து, நேரத்தைப் பற்றிய சிலேடைகளாகவே கொட்டித் தீர்க்கிறார்கள். பொறுமை இழந்த டைம், ஆலிஸ் வந்து சேரும்வரை உங்களுக்குத் தேநீர் வேளைக்கு ஒரு நிமிடம் முன்பாகவே இருக்கட்டும் என்று சபித்துவிட்டுப் போகிறான். 1865-இல் வந்த முதல் ஆலிஸ் நூலிலும் ஹேட்டர் காலத்தோடு சண்டை போட்டவன்தான். அவனுக்கு எப்போதும் மணி ஆறுதான். அந்த வரியிலிருந்து இந்தக் காட்சியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். விளக்கம் ஒரு வேடிக்கையாகவும் அமைந்த ஒரே இடம் இதுதான். படம் முழுவதும் இந்தக் குணம் இருந்திருக்கலாம்.

சாஷா பேரன் கோஹன் டைமாக நடித்திருக்கிறார். ஜெர்மானியச் சாயல் கொண்ட உச்சரிப்பு, முறுக்கிய மீசை, தோள்களை உயர்த்திக் காட்டும் கருப்பு உடை. இந்தப் படத்தில் முழுமையான பாத்திரம் இவருடையது மட்டும்தான். கர்வம் உண்டு, தனிமை உண்டு, சிவப்பு ராணி மீது அசட்டுத்தனமான காதலும் உண்டு. தன் வேலையில் மட்டும் துளியும் சமரசம் கிடையாது. வில்லனாக அறிமுகமாகிறார், போகப்போக, ஆலிஸ்தான் திருடி, இவர் தன் கடமையைச் செய்பவர் என்று நமக்கே தோன்றிவிடுகிறது. திரைக்கதை இதை உணர்ந்து எழுதப்பட்டதா என்று எனக்குச் சந்தேகம். நடிகர் உணர்ந்து நடித்திருக்கிறார்.

அவருடைய பணியாட்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெயர் 'செகண்டுகள்'. முழங்கால் உயரத்துக்குச் சிறிய இயந்திர மனிதர்கள், ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஆபத்து வந்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு 'நிமிடம்' ஆகிறார்கள். நிமிடங்கள் சேர்ந்து ஒரு பெரிய 'மணி' எழுந்து நிற்கிறது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, எந்தப் பாத்திரமும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் துள்ளிக் குதித்து, "சித்தி, அறுபது சேர்ந்தால்தானே ஒரு நிமிடம்! எண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். ஆனால் அவளுக்கு அந்தக் கேள்வி எழுந்ததே, அந்தக் காட்சியை வடிவமைத்தவர்களுக்குக் கிடைத்த வெற்றி.

அரங்க வடிவமைப்பு டான் ஹென்னா. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் கலைப் பிரிவில் பணியாற்றியவர். உடைகள் காலின் அட்வுட். முதல் பாகத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் இவர்தான். லண்டன் விருந்துக்கு ஆலிஸ் அணிந்து வரும் சீனப் பாணி உடையை உற்றுப் பாருங்கள். பல நிறப் பட்டு, தையல் வேலைப்பாடு, கால்சட்டையோடு கூடிய தளர்ந்த வெட்டு. சுற்றி நிற்கும் பெண்கள் எல்லோரும் இடுப்பை இறுக்கிய கவுன்களில் மூச்சுமுட்ட நிற்கிறார்கள். இவள் கடல் கடந்து போய் வந்தவள், இனி இந்த ஊருக்குள் அடங்கமாட்டாள் என்பதை அந்த உடையே சொல்லிவிடுகிறது. அதன் பிறகு அதே விஷயத்தை வசனத்திலும் சொல்கிறார்கள். அது எதற்கு என்றுதான் தெரியவில்லை.

சிவப்பு ராணியின் பணியாட்கள் காய்கறிகளாலும் பழங்களாலும் ஆனவர்கள். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் அர்ச்சிம்போல்டோ, பழம், கிழங்கு, இலை இவற்றை அடுக்கி மனித முகங்கள் வரைந்தாரே, அந்த ஓவியங்கள் எழுந்து நடமாடுவதைப்போல் இருக்கிறது. காலக் கடலும் அப்படித்தான். கடந்துபோன நாட்கள் எல்லாம் அலைகளாகப் புரள்கின்றன. ஒவ்வொரு அலைக்குள்ளும் ஒரு பழைய நாள் நடந்துகொண்டிருக்கிறது. கோளம் விரிந்து ஒரு வாகனமாகி, ஆலிஸ் அதன் நடுவே நின்றபடி, தனக்கு வேண்டிய நாளைத் தேடி அலைகளுக்குள் பாய்கிறாள். முதல் முறை பார்க்கும்போது மெய்சிலிர்த்தது. திரும்பத் திரும்ப அதே பாய்ச்சலைக் காட்டும்போது அலுப்புத் தட்டுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் அந்தக் கடல் மாறியிருக்க வேண்டும். காலம் சிதையச் சிதைய அலைகளும் சிதைந்திருந்தால், கதை செய்யாத வேலையைக் காட்சியாவது செய்திருக்கும்.

அந்த வேலையை இறுதியில் துரு செய்கிறது. சிவப்பு ராணி கோளத்தைப் பறித்துக்கொண்டு, தங்கையையும் இழுத்துக்கொண்டு, அந்தப் பொய் சொல்லப்பட்ட நாளுக்கே போகிறாள். சிறுமியான தன்னைத் தானே நேருக்கு நேர் பார்த்துவிடுகிறாள். அந்தக் கணத்தில் சிறுமி துருவேறி உறைகிறாள். அங்கிருந்து துரு பரவத் தொடங்குகிறது. தரை, மரம், கடல், உறைந்த அலைகள், ஓடுகிறவர்களின் முகங்கள் என எல்லாவற்றையும் செம்பழுப்பு நிறம் தின்றுகொண்டே வருகிறது. படத்தில் எனக்கு உண்மையான அச்சம் வந்தது இங்கேதான். கடிகாரத்துக்குச் சாவு துருவால்தான் வரும் என்று அப்பா பக்கத்தில் இருந்து சொன்னார். மழைக்காலத்தில் நனைந்த எச்எம்டி கடிகாரங்களைத் திறந்து பார்த்த கைகள் அவருடையவை. அந்தக் காட்சியை வடிவமைத்தவர்களுக்குக் கடிகாரம் தெரிந்திருக்கிறது என்றார். அவர் வாயால் வந்த ஒரே பாராட்டு அது.

ஆனால் அடுத்த கணமே, ஆலிஸ் கோளத்தை அதன் இடத்தில் வைத்ததும், ஒட்டுமொத்தத் துருவும் மறைந்து எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை. யாரும் எதையும் இழக்கவில்லை. உலகத்தைப் பணயம் வைத்த குற்றத்துக்கு ஒரே ஒரு விலையாவது இருந்திருந்தால் இந்தப் படத்தை நான் வேறு விதமாக நினைவில் வைத்திருப்பேன்.

ஜானி டெப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் பாகத்தில் படத்தைத் தூக்கி நிறுத்தியவர். இதில் பாதி நேரம் படுக்கையில், வெளிறிய முகத்தோடு, கம்மிய குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். ஹேட்டரின் நோய் நமக்குள் இறங்கவே இல்லை. மியா வாசிகோவ்ஸ்கா ஆலிஸாக நேர்மையாக நடித்திருக்கிறார். கப்பல் காட்சிகளில் அவர் கண்களில் இருக்கும் தீவிரம், அண்டர்லேண்டுக்குள் நுழைந்ததும் குறைந்துவிடுகிறது. அங்கே அவர் பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. நீல வண்ணத்துப்பூச்சிக்குக் குரல் கொடுத்தவர் ஆலன் ரிக்மன். 2016 ஜனவரியில் மறைந்த அவருக்கே படத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். அவர் பேசுவது சில வரிகள்தான். அந்தக் குரல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்காதா என்றிருந்தது.

என் அக்காவின் கருத்து என்னுடையதிலிருந்து முழுக்க வேறுபட்டது. கதை வலுவாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை; ஆனால் தனக்கு அந்த இரண்டு சகோதரிகளின் கதை போதும் என்றாள். சிவப்பு ராணியாக வரும் ஹெலனா பொன்ஹாம் கார்ட்டர் படம் முழுவதும் கத்துகிறார், உறுமுகிறார், தலையை வெட்டச் சொல்கிறார். கடைசியில் மிரானா தன் பொய்யை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்போது, அந்தப் பெரிய முகம் அப்படியே தளர்ந்து, ஒரு சிறுமியின் முகமாகிவிடுகிறது. ராஜ்ஜியமோ மகுடமோ வேண்டாம், நீதான் தின்றாய் என்று நீ ஒத்துக்கொண்டால் போதும் என்ற நிலை. "வீட்டில் மூத்தவளாகப் பிறந்தவர்களுக்குத்தான் இது புரியும்" என்று அக்கா சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இளையவள் நான் என்ன சொல்ல முடியும்? பலகாரத் தூளை அற்பக் காரணம் என்று நான் எழுதுகிறேன். சின்ன வயதில் செய்யாத தவறுக்கு அடி வாங்கியவர்களுக்கு அது அற்பம் அல்ல என்று அவள் சொல்கிறாள். அந்த நடிகையின் முகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அக்காவின் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை அரக்கப்பரக்க இரண்டு நிமிடங்களில் முடித்துவிட்டார்களே என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

கைவிடப்பட்ட இன்னொரு நல்ல கதையும் இந்தப் படத்துக்குள் கிடக்கிறது. நடுவில் ஆலிஸ் ஒரு கண்ணாடி வழியாகத் தப்பி லண்டனில் கண்விழிக்கும்போது, ஒரு மனநல விடுதியின் கட்டிலில் இருக்கிறாள். ஆண்ட்ரூ ஸ்காட் நடித்த மருத்துவர், இவளுக்குப் பெண்களுக்கே உரிய மனப்பிறழ்வு என்று முடிவு கட்டி, பெரிய ஊசியோடு வருகிறார். கப்பல் ஓட்டிய பெண்ணுக்கு 1875-ஆம் ஆண்டு லண்டன் கொடுத்த பெயர் அது. அந்தக் காலத்தில் அடங்காத பெண்களை அப்படித்தான் மருத்துவத்தின் பெயரால் அடைத்துவைத்தார்கள். மாயக் காலத்தில் அல்ல, உண்மையான காலத்தில் சிக்கியிருக்கும் ஆலிஸ் இவள்தான். நெஞ்சு படபடக்கப் பார்த்தேன். சில நிமிடங்களில் அம்மாவின் உதவியோடு ஆலிஸ் தப்பி ஓட, மறுபடியும் அண்டர்லேண்ட், மறுபடியும் கோளம். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான அந்தக் கதை, இறுதியில் இருவரும் சேர்ந்து சொந்தமாகக் கப்பல் நிறுவனம் நடத்துவதாக அவசரமாக முடித்துவைக்கப்படுகிறது. அம்மா எந்த நொடியில் மனம் மாறினாள் என்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. காட்டவே இல்லை.

அப்படியானால் பார்க்க வேண்டுமா? பார்க்கலாம் என்பேன். ஓவியம், உடை, அரங்க வடிவமைப்பு ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். டைமின் கோட்டைக்குள் ஆலிஸ் முதன்முதலாக நுழையும் பகுதியைப் பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கரோலின் நூலை விரும்பிப் படித்தவர்கள், அதே பெயரில் வந்த வேறொரு கதை என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு உட்கார வேண்டும். முதல் பாகத்தில் ஹேட்டரை ரசித்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஓடும் நேரம் 1 மணி 53 நிமிடம்.

சிறு குழந்தைகளோடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துரு பரவும் காட்சியில் எங்கள் வீட்டுச் சிறுமி பயப்படவில்லை. ஆனால் மனநல விடுதியில் அந்த ஊசி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்த பிறகும் "ஆலிஸுக்குப் பைத்தியம் இல்லையே, ஏன் ஊசி போட வந்தார்கள்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். அதற்கு மேல் என்றால் தாண்ட வேண்டாம். நிறுத்திவைத்து, அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொடுங்கள்.